விளையாட்டு விண்ணூர்தியும் வீட்டுத் தூரிகையும்



பிள்ளைகளின் விளையாட்டு வாகனத்துக்கு வர்ணம் தீட்டுவது வானொலியிற் பேசத்தகுந்த பொருளாகுமா என்று சிலர் வினவக்கூடும். பாடசாலை அதிபர் ஒருவர் பரீட்சையைப் பற்றியோ நல்லொழுக்கத்தைப் பற்றியோ பேசுவதே வழக்கம். ஆயினும், பரந்தனிலே பல ஆண்டுகளாகப் பிள்ளைகளோடு பழகியவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். ஒரு பிள்ளை தன் விளையாட்டுப் பொருளை என்ன செய்கின்றது என்பதை உற்றுநோக்கினால், அதன் உள்ளம் செல்லுந் திசையை நாம் அறிந்துகொள்ளலாம். ஆதலால், தொழிற்சாலையிலே ஆயிரக்கணக்கில் வார்த்தெடுக்கப்பட்ட விண்வெளி வாகனப் பொம்மையொன்றை ஒரு பிள்ளை தன்னுடையதாக மாற்றிக்கொள்ளும் வகையைப் பற்றி இன்று சில கூற விரும்புகின்றேன்.

எங்கள் இளமையில் விளையாட்டு வாகனங்களை நாங்கள் வாங்கியதில்லை, செய்தோம். இரண்டு பனங்காய்களைத் தடியொன்றாற் பிணைத்தால் அது பனங்காய் வண்டி. மீன் பேணிக்குப் பழைய செருப்பிலிருந்து வெட்டிய நான்கு சில்லுகளைப் பூட்டினால் அது லொறி. ஒருவன் செய்த லொறியைப் போல் மற்றொருவனுடையது இராது. வழியிற் கிடந்த லொறியைக் கண்டாலே அது எவனுடையது என்று ஊர்ப் பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். இன்றோ கடையிலே பிளாத்திக்கு விண்கலங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. ஒரே அச்சு, ஒரே நிறம், ஒரே முகம். பத்துப் பிள்ளைகள் ஒன்றுகூடினால், தன் வாகனம் எது என்று தேடவேண்டிய நிலை. இந்த ஒருமைத் தன்மையை உடைப்பதற்குக் கைவசமுள்ள எளிய கருவி தூரிகையே ஆகும்.

இது நம்மூரில் மாத்திரம் தோன்றிய எண்ணமன்று. பிரித்தானியாவிலே 1965 ஆம் ஆண்டில் 'தண்டர்பேட்ஸ்' என்னும் தொலைக்காட்சித் தொடர் ஒளிபரப்பாகத் தொடங்கிற்று. ஜெரி அன்டர்சன், சில்வியா அன்டர்சன் என்னும் தம்பதியர் அதனை ஆக்கினர். அதில் நடித்தவர் மனிதரல்லர். நூலால் இயங்கும் பாவைகளே. நம்முடைய பொம்மலாட்டத்துக்கு அது தூரத்து உறவு எனலாம். உலகில் எங்கு விபத்து நேர்ந்தாலும் விரைந்து சென்று உயிர்களைக் காக்கும் ஒரு குடும்பத்தின் கதை அது. அவர்களுடைய ஊர்திகளுள் இரண்டாவது, பெருத்த உடலும் பச்சை நிறமும் கொண்டது. மீட்புக் கருவிகளை ஒரு பெட்டியிலே அடைத்து வயிற்றில் தாங்கிச் செல்வது அதன் தொழில்.

இவ்வூர்தியை 'டிங்கி' என்ற வணிகப் பெயரில் லிவர்ப்பூல் நகரத்து மெக்கானோ நிறுவனம் 1967 ஆம் ஆண்டில் உலோகப் பொம்மையாக வெளியிட்டது. பட்டியலில் அதன் எண் 101. நிறம், தொடரிற் கண்டவாறே, பச்சை. கால்கள் நீண்டு ஊர்தி எழுந்து நிற்கும்; நடுப்பெட்டி கீழே இறங்கும்; அதனுள்ளே மஞ்சள் நிறச் சிறு நீர்மூழ்கி ஒன்று இருக்கும். பின்னர், 1974 ஆம் ஆண்டிலே, அதே ஊர்தி 106 என்ற புதிய எண்ணோடு மறுபடியும் வந்தது. ஆனால் இம்முறை அதன் நிறம் பளபளக்கும் நீலம்! திரையிற் பச்சை ஊர்தியைக் கண்டு மகிழ்ந்த பிள்ளைக்குக் கடையிற் கிடைத்தது நீல ஊர்தி. எம் நாட்டிலே தொலைக்காட்சி ஒளிபரப்பு ஆரம்பமான அதே 1979 ஆம் ஆண்டில் அந்த லிவர்ப்பூல் தொழிற்சாலை மூடப்பட்டது. ஆயினும் நீல ஊர்திகள் அழியவில்லை. தேய்ந்து நிறமுதிர்ந்தவற்றைத் தேடியெடுத்து, பச்சை வர்ணந் தீட்டி, திரையிற் கண்ட வடிவுக்கு மீட்டெடுக்கும் ஆர்வலர் இன்றும் உளர். தொழிற்சாலை கொடுத்த நிறமே இறுதித் தீர்ப்பு அன்று என்பதற்கு இதனினும் நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

அத்தொடரின் சிறு வடிவ ஊர்திகளைப் படமாக்கிய டெரெக் மெடிங்ஸ் என்பவரிடமிருந்து நாம் கற்கவேண்டிய பாடமொன்றுண்டு. புத்தம் புதிய பளபளப்போடு ஒரு சிறிய ஊர்தியை ஒளிப்பதிவு செய்தால் அது பொம்மையாகவே தோன்றும். ஆதலால் அவர் அவ்வூர்திகளின்மீது கரி, எண்ணெய்க்கறை, துரு முதலியவற்றை வர்ணத்தாற் காட்டினார். கடைகளில் விற்கும் பிளாத்திக்கு மாதிரிப் பொதிகளிலிருந்து சிறு துண்டுகளைக் கழற்றி ஒட்டி, இயந்திர நுணுக்கத்தையும் கூட்டினார். 1977 ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஸ்டார் வோர்ஸ்' திரைப்படத்தின் விண்கலங்களும் இவ்வாறே பல மாதிரிப் பொதிகளின் துண்டுகள் ஒட்டப்பெற்று, அழுக்கேற்றப்பட்டவை. ஒரு வாகனம் மெய்யானது என்ற உணர்வு அதன் பளபளப்பிலிருந்து வருவதில்லை. அது உழைத்த தழும்புகளிலிருந்தே வருகின்றது. ஏ-9 வீதியால் நாள்தோறும் செல்லும் லொறிகளை நோக்குங்கள். சில்லின் அருகே சேறு, தாங்கியின் வாயருகே எண்ணெய்க்கறை, கதவின் கைப்பிடியருகே தேய்ந்த வர்ணம். எந்த இடம் எதனால் தேய்கின்றது என்று ஆராயும் பிள்ளை, விளையாட்டின் வழியே காரண காரிய அறிவைப் பெறுகின்றது.

இனிச் செய்முறையைக் கேளுங்கள். முதலில், வாகனத்தைச் சவர்க்கார நீரிற் கழுவி நன்கு உலரவிடுதல் வேண்டும். கையின் எண்ணெய்ப் பசை இருந்தால் வர்ணம் ஒட்டாது. அடுத்து, திருகாணிகளைக் கழற்றிச் சில்லுகளையும் கண்ணாடியையும் பிரித்து வைத்தல் நன்று. உலோக வாகனங்களிலே தறையாணி அடித்திருப்பின் பெரியவர் ஒருவரே அதனை அகற்ற வேண்டும். பின்பு, மிக நுண்ணிய அரத்தாளை நீரில் நனைத்து மெல்லத் தேய்த்தால் மினுக்கம் போய், வர்ணம் பற்றிக்கொள்ளத்தக்க மேற்பரப்பு உண்டாகும். அதன்மேல் அடித்தீந்தையை மெல்லிய படையாகப் பூசி, அது முற்றாகக் காய்ந்த பின்னரே நிறங்களைத் தொடங்க வேண்டும். மென்னிறம் முதலில், கடுநிறம் பின்னர். தடித்த ஒரு படையிலும் மெல்லிய மூன்று படைகள் மேலானவை. நேர்கோடு வேண்டுமாயின் ஒட்டு நாடாவை ஒட்டி அதன் ஓரமாகத் தீட்டலாம். இறுதியாக, கறுப்பு வர்ணத்தை நீரில் நன்கு கரைத்துப் பூசி மேற்புறத்தைத் துணியால் ஒற்றியெடுத்தால், அது பள்ளங்களில் மாத்திரம் தங்கி நிழல் காட்டும். ஏறத்தாழ உலர்ந்த தூரிகையில் வெளிர்நிறத்தைத் தொட்டு விளிம்புகளில் உரசினால் தேய்வு காட்டும். இவ்விரண்டுமே இக்கலையின் உயிர்நிலை. சோளகக் காற்று வீசும் மாதங்களில் முற்றத்திலிருந்து வர்ணம் பூசாதீர்கள். கிரவல் வீதியின் புழுதி முழுவதும் ஈரத்தீந்தையில் வந்து ஒட்டிக்கொள்ளும். உச்சிவெயிலிற் காயவைக்கவும் வேண்டாம்; மெல்லிய பிளாத்திக்கு வளைந்துவிடும்.

பழைய வர்ணத்தை முற்றாக நீக்கிவிட்டுத் தொடங்கலாமே என்று ஆர்வம் மிகுந்த சிலர் நினைப்பர். இங்கே பரந்தன் வாசிகளுக்கு நன்கு தெரிந்த ஒரு பொருள் நினைவுக்கு வருகின்றது. ஆனையிறவு உப்பைக்கொண்டு எங்கள் ஊர் இரசாயனத் தொழிற்சாலை கோஸ்டிக் சோடாவை உற்பத்தி செய்தது. போர்ச்சூழலினால் 1985 ஆம் ஆண்டில் அதன் உற்பத்தி நின்றது. மரத்திலும் இரும்பிலும் உள்ள பழைய வர்ணத்தைக் கோஸ்டிக் சோடா கரைக்கும் என்பது மெய்யே. ஆனால் இவ்விளையாட்டு வாகனங்கள் இரும்பால் ஆனவையல்ல. துத்தநாகத்தோடு சிறிதளவு அலுமினியம் முதலியன கலந்த கலப்புலோகத்தாலானவை. கோஸ்டிக் சோடா அவ்விரு உலோகங்களையும் அரித்து, எளிதிற் தீப்பற்றும் ஐதரசன் வாயுவை வெளிவிடும். தோலையும் கண்ணையும் சுட்டுவிடும். பிள்ளைகள் அதனைத் தொடவே கூடாது. பிளாத்திக்கு வாகனத்துக்கோ நகப்பூச்சு நீக்கியும் தின்னரும் பகைவர்கள். பல வகைப் பிளாத்திக்குகளை அவை உருக்கிக் கெடுத்துவிடும். புதிய வாகனத்தின் பழைய நிறத்தை அப்படியே விட்டு, அதன்மேற் பூசுவதே பிள்ளைகளுக்கு ஏற்ற வழி.

ஈயத்தைப் பற்றியும் ஒரு சொல். முற்காலத்துத் தீந்தைகள் பலவற்றில் ஈயம் கலந்திருந்தது. உடலிற் சேரும் ஈயம் வளரும் பிள்ளையின் மூளையைப் பாதிக்கும். 2007 ஆம் ஆண்டிலே, உலகப் புகழ்பெற்ற மட்டெல் நிறுவனமே தன் விளையாட்டுப் பொருள்கள் சிலவற்றின் வர்ணத்தில் ஈயம் மிகுந்திருந்தமையாற் பெருந்தொகையானவற்றைத் திரும்பப் பெற நேர்ந்தது. ஆகவே மிகப் பழைய பொம்மைகளைப் பிள்ளைகள் அரத்தாளாற் தேய்க்கக்கூடாது. பூசுவதற்கும், கதவுக்குப் பூசி எஞ்சிய எனாமல் வேண்டாம். நீரிற் கரையும் அக்கிரிலிக் வர்ணமே போதும். வாயில் வைக்கும் பருவத்துக் குழந்தை வீட்டில் இருக்குமாயின் இவ்வாகனம் அக்குழந்தைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

நேயர்களே, இவையெல்லாம் கைத்திறன் பற்றியவை. இதனிலும் ஆழமான செய்தியொன்றை எனக்கு ஒரு மாணவனே கற்பித்தான். கனடாவிலிருந்து அவன் மாமா அனுப்பிய விண்வெளி வாகனமொன்றைச் சித்திர பாடவேளைக்குக் கொண்டுவந்தான். ஆறு சில்லுகள், கூரையின்மேல் இரண்டு துப்பாக்கிக் குழல்கள். மற்றையோர் தத்தம் வாகனங்களுக்குச் சிவப்பும் கறுப்பும் பூசிக்கொண்டிருக்க, இவன் முழு வாகனத்தையும் நீலமாக்கினான். பற்பசை மூடியொன்றைக் கூரையில் ஒட்டினான். துப்பாக்கிக் குழல்களைக் கழற்றிக் கீழ்நோக்கித் திருப்பி, பின்புறத்திற் பொருத்தினான். "இஃது என்ன?" என்று கேட்டேன். "தண்ணீர் பவுசர், சேர். சந்திரனுக்குத் தண்ணீர் கொண்டுபோகிறது" என்றான். வரட்சிக் காலத்திற் பவுசர் வரும் ஒலியைக் கேட்டுக் குடத்தோடு ஓடிய பிள்ளைக்கு, விண்வெளியிலும் முதலில் வேண்டியது தண்ணீராகவே தோன்றிற்று! வாகனத்தின் நிறத்தை மாத்திரமன்றி அதன் தொழிலையும் அவன் மாற்றிவிட்டான்.

அதே மாணவன் சில நாள்களின் பின் காலையில் என் அறை வாசலில் வந்து நின்றான். "சேர், வயல் வரம்பில் ஒரு சின்ன உலோகத் துண்டு கிடக்கிறது. என்னுடைய பவுசருக்கு அளவாக இருக்கும்" என்றான். என் நெஞ்சு ஒரு கணம் நின்று பின் துடித்தது. "தொட்டாயா?" என்றேன். "இல்லை சேர், சொல்லத்தான் வந்தேன்" என்றான். பொலிசாருக்கு அறிவித்தோம், உரியவர்கள் வந்து அதனை அகற்றினர். அது வெடிக்காது கிடந்த சிறிய எறிகணை.

போர் 2009 ஆம் ஆண்டிலே முடிவுற்றது. கண்ணிவெடி அகற்றுவோர் பல்லாண்டுகளாகப் பாடுபட்டு எம் நிலத்தைத் துப்புரவாக்கி வருகின்றனர். ஆயினும் மண்ணில் மறைந்திருப்பதெல்லாம் நமக்குத் தெரியாது. வேறு நாட்டுச் சிறுவனுக்கு, வாகனத்தை அலங்கரிக்கப் பழைய உலோகத் துண்டுகளைத் தேடியலைவது இனிய பொழுதுபோக்கு. வன்னிச் சிறுவனுக்கு அது உயிரோடு விளையாடும் செயல். அன்று முதல் எங்கள் பாடசாலையில் ஒரு விதி உண்டு: வாகனத்துக்கான துண்டுகள் வீட்டுக்குள்ளிருந்தே வரவேண்டும். பேனா மூடி, முறிந்த குடைக்கம்பி, பழுதான மணிக்கூட்டின் பற்சில்லு, பற்பசை மூடி ஆகிய இவை போதும். மண்ணிற் கிடப்பது எதுவாயினும் தொடாதே, இடத்தை நினைவிற் கொள், வந்த வழியே திரும்பி நட, பெரியவர்க்குச் சொல். வர்ணம் தீட்டும் ஒவ்வொரு பாடவேளையும் இந்நான்கு வாக்கியங்களோடேயே தொடங்குகின்றது.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை விளையாட்டு விண்கலத்தைக் கழற்றிப் போட்டு வர்ணங் குழைத்துக்கொண்டிருக்கும்போது, "காசு கொடுத்து வாங்கியதைக் கெடுக்கிறாயே" என்று கடிந்துகொள்ளாதீர்கள். அருகில் அமர்ந்து, "இந்த வாகனம் எங்கே போகின்றது? எதற்காகப் போகின்றது?" என்று கேட்டுப்பாருங்கள். எங்கள் பாடசாலைக் கண்ணாடி அலுமாரியில் அந்த நீலப் பவுசர் இன்றும் நிற்கின்றது. அதன் ஒரு பக்கத்தில் வர்ணம் வழிந்து காய்ந்திருக்கின்றது. நாடாவை நேராக ஒட்டாமையால் ஒரு கோடு வளைந்திருக்கின்றது. ஆனால், இவ்வுலகில் அதைப்போல் இன்னொன்று இல்லை.