‘என்ன பிரீடு?’னு கேக்குறதுக்கு முன்னாடி, தடுப்பூசி கார்டைப் பாருங்க

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் ஏதாவது ஒரு வாட்ஸ்அப் குரூப்ல இருந்தீங்கன்னா இந்த மெசேஜைப் பார்த்திருப்பீங்க: “அழகான குட்டிங்க, லேப் கிராஸ், நல்ல வீடு வேணும்.” கீழயே ஒருத்தர் கேட்டிருப்பார்: “நிஜமாவே லேப் கிராஸா?” காப்பகத்துலேர்ந்து கலப்பினக் குட்டி எடுக்கும்போது அதுவா முதல் கேள்வி? இல்லங்கறதுதான் இந்த எபிசோடு.

முதல்ல, அந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் யார்கிட்டயும் பதில் கிடையாது. தெருவுல பிறந்த குட்டிக்கு அம்மா யாருன்னு தெரியும், அப்பா தெரியாது. ஒரே ஈத்துல பிறந்த குட்டிங்களுக்கே வேற வேற அப்பா இருக்கலாம். காது தொங்குறதால லேப்னு சொல்றது வெறும் ஊகம். பிரீடு தெரிஞ்சாலும் குணம் தெரிஞ்சிடாது. 2022-ல ‘சயின்ஸ்’ இதழ்ல வந்த ஆய்வு 18,000-க்கும் அதிகமான நாய்களோட விவரங்களை அலசுச்சு. நாய்க்கு நாய் குணம் மாறுறதுல சுமார் 9 சதவீதத்தைத்தான் பிரீடை வச்சு விளக்க முடிஞ்சது.

அப்போ என்ன கேக்கணும்? குட்டிக்கு எத்தனை வாரம் ஆச்சு, எந்த ஊசி எந்தத் தேதியில போட்டாங்க? இதுலதான் அதோட உயிரே இருக்கு.

பார்வோ வைரஸ் குட்டிகளோட குடலைத் தாக்கும். சாப்பிடாது, வாந்தி எடுக்கும், ரத்தத்தோட பேதியாகும். சிகிச்சை கிடைக்கலன்னா ரெண்டு மூணு நாள்ல உயிர் போயிடலாம். உடம்புல வைரஸ் புகுந்து அறிகுறி தெரிய சில நாள் ஆகும். அதனால, காப்பகத்துல துள்ளிக் குதிச்ச குட்டி உங்க வீட்டுக்கு வந்த வாரமே சுருண்டு படுக்கலாம். அப்படி நடந்தா ‘நாளைக்குப் பார்ப்போம்’ வேண்டாம், உடனே டாக்டர்கிட்ட போங்க.

‘ஒரு ஊசி போட்டாச்சே, போதாதா?’ போதாது. சீம்பால் வழியா அம்மாகிட்டேர்ந்து வந்த எதிர்ப்புச் சக்தி குட்டி உடம்புல சில வாரம் இருக்கும். அது இருக்குற வரைக்கும் ஊசி மருந்தையும் வேலை செய்ய விடாது. எந்த வாரம் அது தீரும்னு குட்டிக்குக் குட்டி மாறும். அதனாலதான் 6 - 8 வாரத்துல ஆரம்பிச்சு, 16 வாரம் வரைக்கும் சில வார இடைவெளியில திரும்பத் திரும்பப் போடுறாங்க. ரேபிஸ் ஊசி மூணு மாசத்துக்கு அப்புறம். இந்த வரிசை முடியற வரைக்கும் குட்டியைத் தெருவுலயும் பார்க்லயும் இறக்கி விடாதீங்க. ஆனா கையில தூக்கிக்கிட்டுப் போய் ஆட்டோ சத்தம், ஆளுங்க எல்லாம் பழக்குங்க. பயமில்லாம வளர இந்த வயசுதான் முக்கியம்.

இன்னொண்ணு. வீட்டுல முன்னாடி ஒரு குட்டி பார்வோல போயிருந்தா, அந்த வைரஸ் மாசக்கணக்குல அங்கேயே இருக்கும். புதுக்குட்டி எடுக்கறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட சொல்லிடுங்க.

அடுத்தது பேப்பர் வேலை. அம்பத்தூர் 2011-லேர்ந்து சென்னை மாநகராட்சிக்குள்ள இருக்கு. அங்க நாய் வளர்க்க லைசென்ஸ் எடுக்கணும், அதுக்கு ரேபிஸ் ஊசி சான்றிதழ் வேணும். ஆவடி 2019-லேர்ந்து தனி மாநகராட்சி. ஆவடி, பூந்தமல்லிக்காரங்க அவங்கவங்க உள்ளூர் ஆபீஸ்ல விசாரிக்கணும். ஃபிளாட்ல நாயே கூடாதுன்னு அசோசியேஷன் தடை போட முடியாதுன்னு இந்திய விலங்குகள் நல வாரியத்தோட 2015 வழிகாட்டுதல் சொல்லுது. வாடகை வீடுன்னா ஓனர்கிட்ட முன்னாடியே பேசி எழுதி வாங்கிக்கங்க.

சென்னையில கிண்டி ‘புளூ கிராஸ்’ 1959-லேர்ந்து இந்த வேலையைப் பண்ணுது. எந்தக் காப்பகமா இருந்தாலும் உங்ககிட்டயும் கேள்வி கேப்பாங்க: பகல்ல வீட்டுல யார் இருப்பா? ஊருக்குப் போனா யார் பார்ப்பா? கருத்தடை பண்ணுவீங்களா? கோவப்படாதீங்க. மூணு மாசம் வீட்டுச் சோறு சாப்பிட்ட குட்டியைத் திரும்பத் தெருவுல விட்டா, அதுக்குத் தெருவுல பிழைக்கத் தெரியாது. தத்தெடுத்த தெருநாய் திரும்பத் தெருவுக்கு வராம பார்த்துக்கறது எடுத்தவங்க பொறுப்புன்னு உச்ச நீதிமன்றமும் 2025 ஆகஸ்ட் 22 உத்தரவுல சொல்லியிருக்கு.

குட்டியை இலவசமா கொடுப்பாங்க. அதுக்கப்புறம் பன்னெண்டு, பதினஞ்சு வருஷம் உங்க கணக்கு. அதுக்கு ரெடின்னா கார்டை வாங்கிப் பாருங்க. யாராவது ‘என்ன பிரீடு?’ன்னா, ‘நம்ம ஊரு’ன்னு சொல்லிடுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்!