மூன்றாம் நாள் பலம்

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். சோற்று விஷயத்தில் இது முற்றிலும் சரி. ஒரே அடுப்பு, ஒரே உலைநீர், ஒரே அரிசி. ஒரு பருக்கை வெந்திருந்தால் பக்கத்துப் பருக்கையும் வெந்துதான் இருக்கும். ஆனால் பந்தாட்டக்காரர்கள் பருக்கைகள் அல்லவே! ஒரு வட்டாரத்தைச் சேர்ந்த ஒரு கலாசாலைக் கோஷ்டி முதல் பந்தயத்தில் ஜெயித்துவிட்டது என்று வைத்துக் கொள்ளுங்கள். அந்த வட்டாரத்துக் கோஷ்டிகள் எல்லாமே சூரப்புலிகள் என்று சொல்லிவிட முடியுமா? சீசன் தொடங்கிச் சில வாரங்களுக்குள் ஒரு வட்டாரத்தின் தரத்தை எப்படி எடை போடுவது?

"இதெல்லாம் வேலையில்லாதவர்களின் ஆராய்ச்சி" என்று தொடர்கதைப் பக்கத்துக்குத் தாவிவிடாதீர்கள், வாசகர்களே! இந்த எடையில் தராசு சற்றுச் சாய்ந்தால், நன்றாக ஆடுகிற பையன்கள் வீட்டில் உட்கார வேண்டியதாகிவிடும். எப்படி என்று பார்ப்போம்.

மதுக்கரைப் பாடம்

கோயமுத்தூரிலிருந்து பாலக்காட்டுக்குப் போகும் வழியில் இருக்கிறது மதுக்கரை. சுண்ணாம்புக்கல் விளைந்து கிடக்கும் பூமி. 1930-களிலேயே இங்கே சிமெண்டு ஆலை வந்துவிட்டது. சிமெண்டுக்காரர்களுக்கு நம்முடைய கேள்வி புதிதே அல்ல. சிமெண்டு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு என்று கலந்து, சிறு சிறு கட்டிகளாக வார்த்து, தண்ணீரில் போட்டு வைப்பார்கள். மூன்றாம் நாள் சில கட்டிகள், ஏழாம் நாள் சில, இருபத்தெட்டாம் நாள் சில என்று எடுத்து, இயந்திரத்தில் கொடுத்து நசுக்கிப் பார்ப்பார்கள்.

மூட்டையின் மேல் '43 கிரேடு' என்று போட்டிருக்கிறதே, அது இருபத்தெட்டாம் நாள் பலம். சதுர மில்லிமீட்டருக்கு 43 நியூட்டன் அழுத்தத்தைத் தாங்க வேண்டும். அதே சிமெண்டு மூன்றாம் நாளில் 23 தாங்கினால் போதும். ஏழாம் நாளில் 33. அதாவது மூன்றாம் நாளில் பாதிப் பலத்துக்குச் சற்று மேலேதான் கண்ணுக்குத் தெரிகிறது. அதற்காக மூன்றாம் நாள் சோதனை வீண் என்று யாரும் விட்டுவிடுவதில்லை. அதை முடிந்த முடிவென்று கொள்வதும் இல்லை. பந்தாட்டத்திலும் இந்த நிதானம் வேண்டும்.

கூட்டணிகளின் கதை

கூடைப்பந்து பிறந்தது அமெரிக்காவில், 1891-ஆம் வருஷம். அந்த தேசத்தில் வட்டாரங்களை எடை போடுவது வருஷந்தோறும் நடக்கும் பெரிய வழக்கு. அங்கே முதல் வரிசையில் ஆடும் கலாசாலைகள் மட்டும் முந்நூற்றைம்பதுக்கு மேல். அத்தனை பேரும் ஒருவரோடொருவர் மோதுவதென்றால் ஆயுசு போதாது. ஆகவே எட்டு, பத்து, பதினாறு என்று சேர்ந்து கூட்டணி அமைத்துக் கொண்டிருக்கிறார்கள். அதற்குக் 'கான்பரன்ஸ்' என்று பெயர்.

நவம்பரில் சீசன் தொடங்கும். ஏறக்குறைய வருஷக் கடைசி வரையில் பெரும்பாலும் வெளிக் கூட்டணிக் கோஷ்டிகளுடன் ஆட்டம். ஜனவரி முதல் சொந்தக் கூட்டணிக்குள்ளேயே ஆட்டம். மார்ச்சில் மகா போட்டி. 2025-ஆம் வருஷப் போட்டிக்கு 68 கோஷ்டிகள் அழைக்கப்பட்டன. அவற்றில் 31 கோஷ்டிகள் தத்தம் கூட்டணியில் சாம்பியனாக வந்து உரிமையோடு நுழைந்தவை. மீதி 37 இடங்களை ஒரு தேர்வுக் குழு நிரப்பியது. சாம்பியன் ஆகாத ஒரு கோஷ்டி நல்ல கோஷ்டிதானா என்று குழு எப்படித் தீர்மானிக்கும்? "அது யார் யாரோடு மோதியது? அந்த எதிரிகள் எப்படிப்பட்டவர்கள்?" என்று பார்க்கும். அங்கேதான் கூட்டணியின் பலம் தலை காட்டுகிறது.

பூனையா, யானையா?

இங்கே ஒரு சின்னக் கணக்கு. பென்சில் கூட வேண்டாம்.

கோவை வட்டாரத்தில் எட்டுக் கலாசாலைகள் ஒரு கூட்டணி என்று வைத்துக் கொள்வோம். ஒவ்வொன்றும் மற்ற ஏழோடு ஒரு முறை ஆடினால் மொத்தம் 28 ஆட்டங்கள். வெற்றிகள் 28, தோல்விகளும் 28. எட்டுக் கோஷ்டிகளும் யானைகளாக இருந்தாலும் இதே கணக்கு. எட்டும் பூனைக்குட்டிகளாக இருந்தாலும் இதே கணக்கு! ஒருவன் ஜெயித்தால் அவன் பங்காளி தோற்றாக வேண்டும். உள்ளுக்குள் எத்தனை நாள் மோதினாலும் கூட்டணிக்குள் பெரியவன் யார் என்று தெரியுமே தவிர, அந்தக் கூட்டணி பெரியதா, சிறியதா என்று தெரியவே தெரியாது.

அதைச் சொல்லக் கூடிய சாட்சி வெளியாரோடு ஆடிய ஆட்டங்கள்தாம். அவையோ பெரும்பாலும் சீசன் ஆரம்பத்தில், பையன்களுக்கு ஆட்டம் சரியாகப் படிவதற்கு முன்பே முடிந்துவிடுகின்றன. முழுச் சீசனுக்கும் சேர்த்து மூன்றாம் நாள் கட்டியைத்தான் நசுக்கிப் பார்க்கிறார்கள் என்று சொல்லலாம். இதுதான் இந்த விவகாரத்தின் முடிச்சு.

பதினாறில் பதினாலு

இந்தச் சாட்சி பலித்த வருஷம் ஒன்று உண்டு. 2024-25 சீசனில் தென்கிழக்குக் கூட்டணியின் 16 கோஷ்டிகள் வெளியாரோடு 208 ஆட்டங்கள் ஆடின. 185-இல் வெற்றி, 23-இல்தான் தோல்வி. அடுத்து உள்ளுக்குள் 144 ஆட்டங்கள். வழக்கம் போல் 144 வெற்றி, 144 தோல்வி. வெளியாட்டங்களின் சாட்சியை நம்பித் தேர்வுக் குழு அந்த ஒரே கூட்டணியிலிருந்து 14 கோஷ்டிகளை அழைத்தது. அதற்கு முன் எந்தக் கூட்டணிக்கும் 11-க்கு மேல் கிடைத்ததில்லை. "இது அநியாயம்!" என்றவர்களும் உண்டு. ஆனால் கடைசி நான்கு கோஷ்டிகளில் ஃபுளோரிடா, ஆபர்ன் என்ற இரண்டு அந்தக் கூட்டணியைச் சேர்ந்தவை. கோப்பையும் ஃபுளோரிடாவுக்கே, இறுதி ஆட்டத்தில் ஹூஸ்டனை 65-63 என்று வென்றது.

மூன்று சல்லடைகள்

185 என்ற எண்ணைக் கண்டு மலைத்துவிட வேண்டாம். அதைச் சலித்துப் பார்க்க மூன்று சல்லடைகள் வேண்டும்.

முதல் சல்லடை: யாரோடு? பெரிய கலாசாலைகள் சிறிய கலாசாலைகளுக்குப் பணம் கொடுத்துத் தங்கள் ஊருக்கு வரவழைத்து ஆடுவது அங்கே பகிரங்கமான வழக்கம். வந்தவர்கள் பெரும்பாலும் தோற்றுப் பணத்தோடு ஊர் திரும்புவார்கள். அப்படி வந்த வெற்றிகள் எத்தனை சேர்ந்தாலும் பதர்தான். தென்கிழக்குக் கூட்டணியின் உண்மையான பலத்தைக் காட்டியது 2024 டிசம்பர் முதல் வாரத்தில் நடந்த வேறு காரியம். புகழ் பெற்ற அட்லாண்டிக் கரைக் கூட்டணியோடு நேருக்கு நேர் பதினாறு ஆட்டங்கள் ஆடிப் பதினாலில் ஜெயித்தது. அந்தப் பதினாலு நெல்மணிகள் மற்ற நூற்றெழுபதைவிடக் கனமானவை.

இரண்டாம் சல்லடை: எங்கே? தன் ஊருக்கு யானை, அயலூருக்குப் பூனை என்ற பழமொழி அமெரிக்கர்களுக்குத் தெரியாது. ஆனால் அதன் கணக்குத் தெரியும். தேர்வுக் குழுவின் தரப் பட்டியலைப் பாருங்கள். சொந்த மைதானத்தில் ஜெயித்தால், எதிரி முதல் 30 இடங்களுக்குள் இருந்தால்தான் அது முதல் தர வெற்றி. பொது மைதானத்தில் என்றால் முதல் 50 போதும். எதிரியின் ஊருக்கே போய் ஜெயித்தால் 75-ஆம் இடத்துக்காரனை வென்றாலும் முதல் தரம்தான்! ஊர் மாறினால் பந்து கனக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

மூன்றாம் சல்லடை: எவ்வளவில்? ஒரே ஒரு பாயிண்டில் ஜெயிப்பதும் முப்பது பாயிண்டில் ஜெயிப்பதும் வெற்றி என்ற ஒரே வார்த்தைக்குள் அடங்கிவிடுகின்றன. கடைசி விநாடியில் வளையத்தின் விளிம்பில் பந்து உள்ளே விழுந்ததா, வெளியே விழுந்ததா என்பதில் பாதி அதிருஷ்டம். ஆகையால் ஆட்டங்கள் குறைவாக இருக்கும் சீசன் ஆரம்பத்தில், வெற்றி தோல்வியைவிடப் பாயிண்டு வித்தியாசம் கூடுதலாகப் பேசும்.

சாட்சி இல்லாத வழக்கு

சாட்சியே குறைந்து போனால் என்ன ஆகும்? அதற்கும் உதாரணம் இருக்கிறது. கொரோனாக் காலத்தில், 2020-21 சீசன் நவம்பர் 25-இல் தாமதமாகத் தொடங்கிற்று. வெளியாட்டங்கள் ஏராளமாக ரத்தாயின. 'பிக் டென்' என்ற கூட்டணிக்குப் பெரும் பெயர். அதிலிருந்து 9 கோஷ்டிகளை அழைத்தார்கள். மேற்குக் கரையின் 'பசிபிக் 12' கூட்டணிக்குக் கிடைத்தது 5 இடம். கடைசிப் பதினாறு என்ற கட்டத்துக்கு வந்தபோது பிக் டென்னில் மிச்சிகன் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. மேற்குக் கரையின் ஐந்தில் நாலு அங்கே நின்றன! அவற்றில் ஆரகன் ஸ்டேட் என்ற கோஷ்டியைச் சீசனுக்கு முன் பத்திரிகைக்காரர்கள் தங்கள் கூட்டணியிலேயே கடைசியில் வருமென்று கணித்திருந்தார்கள். அது கடைசி எட்டு வரை போயிற்று.

ஒரு தோல்வியோடு மூட்டை கட்ட வேண்டிய பந்தயத்தில் ஒரு மோசமான மாலையே போதும் என்பது உண்மைதான். ஆனாலும் ஒன்பதும் ஐந்தும் என்ற அந்தத் தீர்ப்புக்குப் பின்னால் போதிய சாட்சி இல்லை என்பதும் உண்மை. சாட்சி குறைந்த இடத்தில் பழைய பெயரே தீர்ப்பாகிவிடும்.

நம் ஊர்க் கணக்கு

இனி நம் பக்கம் வருவோம். நம் தேசத்தில் பல்கலைக்கழகங்களை வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று நான்கு மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். மண்டலத்துக்குள் ஆடி, முதல் நான்கு இடம் பெறுகிறவர்கள் அகில இந்தியப் போட்டிக்குப் போவார்கள். நான்கு மண்டலங்களுக்கும் நான்கு நான்கு இடம். கூட்டணியின் பலத்தைப் பற்றிய வாதமே இல்லை, சமபங்கு!

இதில் ஒரு நியாயம் இருக்கிறது. எந்தப் பிரதேசமும் புறக்கணிக்கப்படுவதில்லை. பழைய பெயரை வைத்துக்கொண்டு யாரும் கூடுதல் இலை போடச் சொல்ல முடியாது. ஆனால் நம் தென் மண்டலத்தை நினைத்துப் பாருங்கள். தமிழகம், கேரளம், கர்நாடகம், ஆந்திரம் எல்லாம் ஒரே பந்தியில். மதுக்கரையைத் தாண்டி வாளையாற்றைக் கடந்தால் கேரளம். கூடைப்பந்தில் அவர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. இப்படிப்பட்ட மண்டலத்தில் ஐந்தாவதாக வருகிற கோஷ்டி, இன்னொரு மண்டலத்தில் இரண்டாவதாக வந்திருக்குமோ என்னவோ? அது தெரிய வழியே இல்லை. அங்கே வெளியாட்டம் முதலில், உள்ளாட்டம் பிறகு; இங்கே உள்ளாட்டம் முதலில். வெளியாரோடு மோதும் வேளை வருவதற்குள் ஐந்தாவது கோஷ்டி ரயிலேறி ஊர் வந்து சேர்ந்திருக்கும்.

அந்தக் கோஷ்டியில் உள்ள பையனுக்கு இது வெறும் கணக்கல்ல. விளையாட்டு வீரர்களுக்கென்று ஒதுக்கிய வேலைக்கு மனுப் போடும்போது, 'அகில இந்தியப் போட்டியில் ஆடினான்' என்ற ஒரு வரி எத்தனை கனமானது என்பதைப் பெற்றவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இதற்கு மருந்து பங்கைக் கூட்டுவதோ குறைப்பதோ அல்ல. மண்டலப் போட்டிக்கு முன்பே மற்ற மண்டலத்துக் கோஷ்டிகளோடு நம் பையன்கள் நாலு ஆட்டம் ஆட வேண்டும். அவர்கள் ஊருக்குப் போயும் ஆட வேண்டும். கோவைக்கு இது முடியாத காரியமல்ல. பி.எஸ்.ஜி. கோப்பை, நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பை என்று அகில இந்தியக் கோஷ்டிகளை வரவழைத்துப் பல பத்தாண்டுகளாகப் பந்தயம் நடத்திய ஊர் இது. விமானப் படையும் கடற்படையும் பாங்குக் கோஷ்டிகளும் வந்து ஆடிய மைதானங்களில் மாணவர்களுக்கும் அப்படி ஒரு வாரம் ஒதுக்கினால், சாட்சியாவது சேரும்.

அதுவரை, உங்கள் வீட்டுப் பையன் சீசனின் முதல் வாரத்தில் கோப்பையோடு ஓடி வந்து, "அஞ்சு மேட்சிலே அஞ்சும் ஜெயிச்சோம்!" என்று சொன்னால், முதலில் தட்டிக் கொடுங்கள். பிறகு சாவகாசமாகக் கேளுங்கள்: "யாரை? எங்கே? எத்தனை பாயிண்டிலே?" மூன்றுக்கும் அவன் தலை நிமிர்ந்து பதில் சொன்னால் மறுபடியும் ஒரு தடவை தட்டிக் கொடுக்கலாம்!