கனத்த போர்வைதான் கதகதப்பா?



காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் கொல்லிமலையின் மேற்பரப்பை அடையலாம். அங்குள்ள ஊர்த் தொகுதிகளை ‘நாடு’ என்று அழைப்பது வழக்கம். அவற்றுள் ஒன்று குண்டனி நாடு. ஒரு மார்கழி மாதத்தில், அங்குள்ள என் மாணவன் ஒருவனின் வீட்டில் தங்க நேர்ந்தது.

பொதுவாக, 1,000 மீட்டர் உயரம் ஏறினால் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். இது தெரிந்தவன் ஆகையால், முன்னதாகவே நாமக்கல்லில் கடை கடையாக ஏறி, ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, இருப்பதிலேயே கனமான பருத்திப் போர்வையை வாங்கிச் சென்றிருந்தேன். ஆனால் நள்ளிரவில் விழிப்பு வந்துவிட்டது. மேலே பாரம், உள்ளே நடுக்கம்! மாணவனின் பாட்டியோ ஒரு பழைய கம்பளியும் அதன்மேல் ஒரு நூல் சேலையுமாக நிம்மதியாக உறங்கிக்கொண்டிருந்தார்.

காலையில் பாட்டி சிரித்தார். “வாத்தியாரே, மூட்டையைச் சுமந்துக்கிட்டுப் படுத்தா குளிரு போயிருமா?”

இயற்பியல் கற்பிக்கும் நான் அல்லவா இதை முன்பே யோசித்திருக்க வேண்டும்!

போர்வை அடுப்பு அன்று

பனிக்கட்டியைக் கம்பளியில் சுற்றி வைத்தால் சீக்கிரம் உருகுமா, மெதுவாக உருகுமா? மெதுவாகத்தான் உருகும். கம்பளி வெப்பத்தை உண்டாக்குவதில்லை. அது செல்லும் வழியை அடைக்கிறது. வெளி வெப்பம் பனிக்கட்டிக்குள் புகாமல் தடுப்பதும், நம் உடல் வெப்பம் வெளியேறாமல் தடுப்பதும் ஒரே வேலைதான்.

உறங்கும்போதும் நம் உடல் அடுப்புபோல் எரிந்துகொண்டே இருக்கிறது. உறங்கும் பெரியவர் ஒருவரின் உடல் வெளியிடும் வெப்பம் ஏறக்குறைய 70 முதல் 80 வாட். பழைய 60 வாட் குண்டு பல்பைவிட இது அதிகம்! இந்த வெப்பத்தைக் காப்பதே போர்வையின் பணி.

காவல்காரன் யார்?

கம்பளி இழை ஒன்றை உருப்பெருக்கியில் பாருங்கள். அது நேராக இராது, நெளிநெளியாகச் சுருண்டிருக்கும். அந்தச் சுருள்களுக்கிடையே காற்று சிறைப்பட்டிருக்கிறது. அசையாத காற்று வெப்பத்தை மிக அரிதாகவே கடத்தும். இழையைவிடக் காற்றே சிறந்த தடுப்பான். ஆனால், அசையும் காற்று வெப்பச் சலனத்தால் வெப்பத்தை அள்ளிச் சென்றுவிடும். எனவே காற்றை அசையவிடாமல் பிடித்து வைப்பதே இழைகளின் வேலை.

நான் வாங்கிய போர்வையில் நூல்கள் நெருக்கமாக நெய்யப்பட்டிருந்தன. எடை இருந்தது, காற்றுக்கு இடம் இல்லை. பாட்டியின் கம்பளியிலோ காற்று நிறைந்திருந்தது. கம்பளிக்கும் சேலைக்கும் இடையே இன்னொரு காற்றடுக்கு. கம்பளிக்குள் குளிர்காற்று நுழையாமல் காத்தது சேலை.

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியைப் போலவே, மயிலுக்குப் போர்வை தந்த பேகனும் கடையெழு வள்ளல்களுள் ஒருவன். அவனது கருணையில் குறை காண முடியாது. ஆனால் அந்த மயில் அதைவிடச் சிறந்த போர்வையை ஏற்கெனவே அணிந்திருந்தது! குளிரும்போது பறவைகள் இறகுகளைச் சிலிர்த்துக்கொள்வதைக் கண்டிருப்பீர்கள். இறகின் எடை கூடுவதில்லை. உள்ளே சிறைப்படும் காற்றின் தடிப்புத்தான் கூடுகிறது.

ஈரமும் தரையும்

மலைமேல் மூடுபனி அதிகம். போர்வை ஈரமானால் காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்துவிடும். தண்ணீரோ அசையாத காற்றைவிட இருபது மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும். கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நீராவியை ஏற்றாலும் தொடுவதற்கு ஈரமாகத் தோன்றாது. ஆயினும் எந்தப் போர்வையையும் பகலில் வெயிலில் உலர்த்துவது நல்லது.

இன்னொன்று: வெறும் சிமெண்டுத் தரையில் படுத்துக்கொண்டு மேலே எத்தனை போர்த்தினாலும், கீழ்வழியே வெப்பம் போய்க்கொண்டே இருக்கும். கையில் இரண்டு போர்வைகள் இருந்தால், ஒன்றைப் பாயின்மேல் விரித்துப் பாருங்கள். பாய்க்கு அடியில் வைக்கோல் பரப்புவதும் நல்ல இயற்பியலே.

கடைக்குச் செல்லும்போது

போர்வையைத் தூக்கிப் பார்த்து வாங்காதீர்கள், அழுத்திப் பாருங்கள். கையை எடுத்ததும் மீண்டும் உப்பி எழுகிறதா? அது காற்றைப் பிடித்து வைக்கும். தட்டையாகவே கிடக்கிறதா? எவ்வளவு கனமானாலும் பயன் குறைவு. ஒரே கனத்த போர்வைக்குப் பணம் போதவில்லையென்றால் கவலை வேண்டாம். இரண்டு மெல்லிய போர்வைகள் நன்றாகவே காக்கும்.

உடலுக்கு இதமான அழுத்தம் தருவதற்கென்றே கண்ணாடி மணிகள் நிரப்பிய கனத்த போர்வைகளும் இப்போது விற்கப்படுகின்றன. அந்த எடை குளிருக்காக அன்று. கைக்குழந்தைகளுக்கு அவற்றை ஒருபோதும் போர்த்தக் கூடாது.

செய்து பாருங்கள்

ஒரே அளவான, மூடியுள்ள இரண்டு எவர்சில்வர் டம்ளர்களில் ஒரே அளவு வெந்நீர் ஊற்றுங்கள். சம எடையுள்ள பஞ்சை இரண்டிலும் சுற்றுங்கள். ஒன்றில் பஞ்சைக் கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். மற்றொன்றில் தளர்வாக விடுங்கள். பள்ளி ஆய்வகத்திலிருந்து வெப்பமானி வாங்கி, பத்து நிமிடத்திற்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்து வாருங்கள்.

எடை இரண்டிலும் ஒன்றே. எது முதலில் ஆறுகிறது? விடை தெரிந்ததும், பாட்டியின் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்!