விளையாட்டு மருந்தா, உரிமையா? ‘தெரபியூட்டிக் ரெக்ரியேஷன்’ சொல்வது என்ன?

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலுவுக்கு 5 வயதில் விபத்து. பேருந்து ஏறியதில் வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியது. அந்தக் கால் பழையபடி ஆகவே இல்லை. பள்ளியில் வாலிபால் ஆடிக்கொண்டிருந்த அவரை உயரம் தாண்டச் சொன்னவர் உடற்கல்வி ஆசிரியர். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். மீதிக் கதை ஊருக்கே தெரியும்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விளையாட்டு அவருடைய காலைக் குணப்படுத்தவில்லை. அப்படியானால், உடல் சரியாகாத ஒருவருக்கு விளையாட்டு எதற்கு? இந்தக் கேள்வியைச் சுற்றியே ஒரு தொழில்துறை பல பத்தாண்டுகளாக விவாதித்து வருகிறது. அதன் பெயர் தெரபியூட்டிக் ரெக்ரியேஷன்.

அப்படின்னா என்ன?

நோய், விபத்து, மனநலப் பிரச்சினை, முதுமை போன்றவற்றோடு வாழ்பவர்களுக்கு விளையாட்டு, இசை, தோட்டவேலை, கைவினை, வெளியூர்ப் பயணம் ஆகியவற்றைத் திட்டமிட்டு அமைத்துத் தருவதுதான் இது. “கையை எவ்வளவு தூக்க முடியுதுங்க?” என்பதோடு, “உங்களுக்கு என்னங்க பிடிக்கும்?” என்ற கேள்வியும் இங்கே சிகிச்சையின் பகுதி.

எங்கிருந்து வந்தது?

1944-ல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் முதுகுத்தண்டு காயப் பிரிவைத் தொடங்கினார் டாக்டர் லுட்விக் குட்மன். முதுகுத்தண்டு முறிந்தால் இனி படுக்கைதான் என்று கைவிட்ட காலம் அது. அவர் நோயாளிகளை விளையாட வைத்தார். 1948 ஜூலை 29 அன்று, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், சக்கர நாற்காலியில் இருந்த 16 பேருக்கு வில்வித்தைப் போட்டி நடத்தினார். பாராலிம்பிக்கின் விதை அதுதான். தமிழ்நாட்டிலும் முன்னோடி உண்டு. 1954 விபத்தில் நடக்கும் திறனை இழந்த டாக்டர் மேரி வர்கீஸின் முயற்சியால், வேலூர் சிஎம்சியில் 1966-ல் மறுவாழ்வு மையம் உருவானது.

சண்டை எதில்?

முதல் தரப்பு, விளையாட்டு ஒரு கருவி என்கிறது. பந்து எறிந்தால் தோள் வலுவாகும், சீட்டாடினால் நினைவாற்றலுக்குப் பயிற்சி. பலன் அளக்கக்கூடியதாக இருக்க வேண்டும். இரண்டாவது தரப்பு, மகிழ்ச்சியாக நேரம் செலவிடுவதே பலன் என்கிறது. அதற்கு மருத்துவக் காரணம் காட்டத் தேவையில்லை, அது எல்லோருக்கும் உள்ள உரிமை. அமெரிக்காவில் 1966 முதல் இத்துறைக்கு ஒரு தேசியச் சங்கம் இருந்தும், சிகிச்சைப் பக்கத்தை வலியுறுத்தியவர்கள் 1984-ல் தனிச் சங்கம் கண்டார்கள்.

இரண்டையும் இணைத்தது ஸ்கவுட் கன், கரோல் பீட்டர்சன் இருவரும் முன்வைத்த மூன்று படி மாதிரி. உதாரணத்துக்கு, விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த ஒரு நாமக்கல் லாரி டிரைவரை எடுத்துக்கொள்வோம்.

முதல் படி சிகிச்சை: பந்து எறிந்து கைக்குப் பலம் ஏற்றுவது. இங்கே முடிவெடுப்பவர் பெரும்பாலும் தெரபிஸ்ட்.

இரண்டாம் படி கற்றல்: தனக்கு என்ன பிடிக்கும், அங்கே எப்படிப் போவது, யாரிடம் உதவி கேட்பது என்று அவரே கண்டுபிடிப்பது.

மூன்றாம் படி பங்கேற்பு: பழைய நண்பர்களோடு டீக்கடையில் சீட்டாடுவது, ஊர்த் திருவிழாவுக்குப் போவது. இப்போது முடிவு முழுக்க அவருடையது. தெரபிஸ்ட் ஒதுங்கிக்கொள்வார்.

இந்தியாவில் இடம் இருக்கிறதா?

சட்டத்தில் இருக்கிறது. இந்தியா 2007-ல் ஏற்ற ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 30-வது பிரிவு, பொழுதுபோக்கிலும் விளையாட்டிலும் பங்கேற்பதை உரிமையாகச் சொல்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29, 30-வது பிரிவுகளும் இதைப் பற்றியவை. 2017 மனநலச் சட்டம், மனநல மையங்களில் ஓய்வுக்கும் பொழுதுபோக்குக்கும் வசதி இருக்க வேண்டும் என்கிறது. 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான சட்டத்தின் பட்டியலில் ‘ரெக்ரியேஷனல் தெரபிஸ்ட்’ என்ற பெயரும் உண்டு. நடைமுறையில் இந்த வேலையின் பெரும்பகுதியை ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், பிசியோதெரபிஸ்ட், சிறப்பாசிரியர்கள் ஆகியோரே பார்க்கிறார்கள்.

இது ஏன் முக்கியம்?

“மொதல்ல நல்லா நடக்கட்டும், அப்புறம் வெளையாடிக்கலாம்” என்று வீட்டில் சொல்வது அக்கறையில்தான். ஆனால் சில உடல்நிலைகள் முழுதாகச் சரியாவதில்லை. அவர்களுக்கு அந்த ‘அப்புறம்’ வரவே வராது. பிசியோதெரபிக்கு மட்டும் வெளியே வந்து, மற்ற நேரமெல்லாம் சுவரைப் பார்த்தபடி வருடங்கள் போய்விடும்.

மெடலும் இங்கே அளவுகோல் இல்லை. மாரியப்பனைப் போல எல்லோரும் தாண்ட வேண்டியதில்லை. திண்ணையில் தாயம் உருட்டுவதும், ஆடிப்பெருக்குக்கு மேட்டூர் போவதும் கணக்கில் வரும். வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், “இன்னைக்கு எக்சர்சைஸ் பண்ணியாச்சா?” என்பதோடு இன்னொரு கேள்வியும் கேட்கலாம்: “இந்த ஞாயித்துக்கெழமை எங்க போலாம்?”