அரைப் பட்டாளமா, முழுப் பட்டாளமா?

கொடைக்கானலிலிருந்து மன்னவனூருக்குச் சுமார் 35 கிலோமீட்டர். பூம்பாறை வரும்போதே பூண்டுப் பாத்திகள் படிக்கட்டு மாதிரி மலைச் சரிவில் இறங்கத் தொடங்கிவிடுகின்றன. மன்னவனூரில் உருளைக்கிழங்கும் காரட்டும் சேர்ந்துகொள்கின்றன. ஊருக்கு வெளியே பசும்புல் மேடுகளில், மத்திய அரசின் செம்மறி ஆட்டுப் பண்ணை 1965-ஆம் ஆண்டு முதல் நடந்து வருகிறது. அந்த ஆடுகளைப் பற்றி எழுதி வரும்படிதான் ஆசிரியர் என்னை அனுப்பியிருந்தார்.

ஆனால் திரும்பும்போது என் குறிப்புப் புத்தகத்தில் ஆடுகளைவிட அதிக இடத்தைப் பிடித்துக்கொண்டது ஒரு தாயாரின் கேள்வி.

சாரல் பிடித்துக்கொண்டதால் ஒரு வீட்டுத் திண்ணையில் ஒதுங்கினேன். வீட்டுக்கார அம்மாள் சுடச் சுடத் தேநீர் கொண்டு வந்தார். பத்திரிகைக்காரன் என்று தெரிந்ததும், உள்ளே போய் இரண்டு காகிதங்களை எடுத்து வந்து என் மடியில் வைத்தார்.

"தம்பி, நீங்க படிச்சவுக. எம் மகனுக்குக் கோயமுத்தூர் அரைப் பட்டாளத்துல எடம் கிடைச்சிருக்கு. வருசத்துக்கு ரெண்டு மாசம் போனாப் போதும், மிச்ச நாளு காட்டைப் பார்த்துக்கலாம்னான். சரின்னேன். இப்போ முழுப் பட்டாளத்துலேயும் தேறிட்டானாம். இது வேண்டாம், அதுக்குத்தான் போவேங்கிறான். பயிற்சிக்குக் கிளம்புறதுக்குள்ள ஏதாச்சும் ஒண்ணு சொல்லணும். ஒண்ணை விட்டுட்டு ஒண்ணுக்குத் தாவலாமா? தப்பாப் போயிடாதே?"

நேயர்களே, எனக்குப் பதில் தெரியவில்லை. விசாரித்து எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு மலை இறங்கினேன். சட்டப் புத்தகங்களைப் புரட்டினேன். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களைக் கேட்டேன். தெரிந்துகொண்டதை அந்த அம்மாளுக்கு எழுதினேன். உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். ஆகவே உங்களுக்கும் சொல்கிறேன்.

ராஜாஜி தொடங்கி வைத்த சேனை

அந்த அம்மாள் "அரைப் பட்டாளம்" என்று சொன்னது டெரிடோரியல் ஆர்மி எனப்படும் பிராந்திய ராணுவத்தை. 1948-இல் இதற்குச் சட்டம் பிறந்தது. 1949 அக்டோபர் 9-ஆம் தேதி இதைத் தொடங்கி வைத்தவர் அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த நம் ராஜாஜி. கோயம்புத்தூரில் இருக்கும் 110-ஆவது காலாட்படைப் பட்டாலியன், மதராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்த பிராந்திய ராணுவப் படை. கிரிக்கெட் வீரர் தோனி 2019-இல் காஷ்மீருக்குப் போய்ப் படையினரோடு தங்கினாரே, அதுவும் பிராந்திய ராணுவத்தின் ஒரு பட்டாலியனோடுதான்.

இதன் விசேஷம் என்னவென்றால், இது உத்தியோகம் அல்ல. "பிழைப்புக்கு வேறு வழி இருக்கிறதா?" என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் ஆளை எடுக்கிறார்கள். வயலோ கடையோ சம்பளமோ, சொந்தமாக ஒரு வருமானம் இருந்தாக வேண்டும். 18 வயது முதல் 42 வயது வரை சேரலாம். ஆண்டில் இரண்டு மாதம் போலப் பயிற்சி; அந்த நாட்களுக்குச் சம்பளம் உண்டு. மற்ற நாட்களில் அவரவர் தொழில். சம்பளத்துக்கு வேலை பார்ப்பவரைப் படைக்கு அழைத்தால், திரும்பி வந்ததும் பழைய வேலையை முதலாளி கொடுத்தாக வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

"அப்படியானால் இது பாதுகாப்பான பட்டாளம்" என்று நினைத்துவிட வேண்டாம். அழைப்பு வந்தால் போர்முனைக்கும் போகத்தான் வேண்டும். 1962, 1965, 1971 போர்களில் இந்தப் படைகள் அழைக்கப்பட்டன. 2025 மே மாதம், பிராந்திய ராணுவத்தை அழைத்துக்கொள்ளும் அதிகாரத்தை மத்திய அரசு தரைப்படைத் தளபதிக்கு அளித்தது; 32 காலாட்படைப் பட்டாலியன்களில் 14-ஐ முழு நேரப் பணியில் இறக்கவும் இடம் கொடுத்தது. பாதி நேரம் என்பது நாளைப் பற்றிய கணக்கு. ஆபத்தைப் பற்றிய கணக்கு அல்ல.

முழுப் பட்டாளத்தின் கணக்கு

இனி அந்தப் பையன் ஆசைப்படும் மற்றொரு வாசலைப் பார்ப்போம். 2022 ஜூன் மாதம் அக்னிபத் திட்டம் வந்தது முதல், சாதாரணச் சிப்பாயாகச் சேருகிறவர்கள் அனைவரும் அக்னிவீரர்களாகத்தான் நுழைகிறார்கள். திண்டுக்கல் மாவட்டத்துப் பிள்ளைகளுக்குக் கோயம்புத்தூர் ஆள்சேர்ப்பு அலுவலகம். முதலில் எழுத்துத் தேர்வு, பிறகு 1.6 கிலோமீட்டர் ஓட்டம், பளுக் கம்பியில் தொங்கி உடம்பைத் தூக்குவது, 9 அடிப் பள்ளத்தைத் தாண்டுவது. அப்புறம் வைத்தியப் பரிசோதனை. மலையில் ஏறி இறங்கி வளர்ந்த பையனுக்கு ஓட்டம் ஒரு பாரமாக இருந்திருக்காது.

சேவைக் காலம் நான்கு ஆண்டு; பயிற்சியும் அதற்குள் அடக்கம். முதல் ஆண்டு மாதம் 30,000 ரூபாய். நான்காம் ஆண்டு 40,000. ஆனால் கைக்கு முழுசும் வராது. நூற்றுக்கு 30 பங்கு பிடித்து வைக்கப்படுகிறது. அதே அளவு தொகையை அரசும் போடுகிறது. ஆக முதல் ஆண்டு மாதம் 21,000 கையில் கிடைக்கும். நான்கு ஆண்டு முடிந்து வெளியே வரும்போது வட்டியோடு சுமார் 11.71 லட்சம் கிடைக்கும் என்று திட்டம் அறிவித்தபோது சொன்னார்கள். 48 லட்சத்துக்கு ஆயுள் காப்பீடு உண்டு. அதற்குப் பிரீமியம் கட்ட வேண்டியதில்லை. வெளியே வருகிறவர்களுக்குப் பென்ஷன் கிடையாது.

இதிலே தாய்மார்கள் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. நான்கு ஆண்டு முடிந்ததும் நூற்றுக்கு 25 பேர் வரையில்தான் நிரந்தரமாக எடுத்துக்கொள்வது என்பது திட்டம். மற்றவர்கள் வீடு திரும்ப வேண்டும். "முழுப் பட்டாளம்" என்று நாம் சொல்வது பலருக்கு நான்கு ஆண்டுப் பட்டாளம். "அரைப் பட்டாளம்" என்று சொல்வதோ பல ஆண்டு தொடரக்கூடியது. பெயரைப் பார்த்து ஏமாந்துவிடக்கூடாது. ஆனால் பிராந்திய ராணுவத்திலும் பென்ஷன் எளிதல்ல. முழு நேரப் பணிக்கு அழைக்கப்பட்ட நாட்கள் மட்டுமே கணக்கில் சேர்ந்து, சிப்பாய்க்கு 15 ஆண்டு நிரம்பினால்தான் உண்டு.

கையெழுத்துக்கு முன்னும் பின்னும்

சரி, ஒன்றை விட்டு மற்றொன்றுக்கு மாறலாமா?

தேறிவிட்டோம் என்பது வேறு, சேர்ந்துவிட்டோம் என்பது வேறு. தேறிய பிறகு ஒரு நாள் அதிகாரியின் முன் நிறுத்திச் சேவை நிபந்தனைகளைப் படித்துச் சொல்கிறார்கள். கேள்விகள் கேட்டுப் பதிலை எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள். அன்றுதான் ஆள் சேர்ந்ததாக அர்த்தம். சத்தியப் பிரமாணம் அதற்கும் பிறகு, பயிற்சி முடிந்து பணிக்குத் தகுதி பெற்றபின். பெற்றோர் பார்க்கப் போகிறார்களே, அந்த அணிவகுப்பில்.

கையெழுத்துக்கு முன்னால் "எனக்கு வேண்டாம்" என்று சொல்வதில் குற்றமில்லை. யாரையும் கட்டாயப்படுத்திச் சேர்ப்பதில்லை. எழுத்து மூலம் தெரிவித்துவிட்டால், அந்த இடம் காத்திருக்கும் இன்னொரு பிள்ளைக்குப் போகும். கையெழுத்துப் போட்டபின் மனம் மாறினால் கதை வேறு. பிராந்திய ராணுவத்திலிருந்து முறைப்படி விடுவிப்பு வாங்கிக்கொண்டுதான் அடுத்த வாசலுக்குப் போக வேண்டும்.

சில பிள்ளைகள், "இதைச் சொன்னால் அதைக் கெடுத்துவிடுவார்கள்" என்று பயந்து, ஒன்றை மறைத்து மற்றொன்றில் சேரப் பார்க்கிறார்கள். இதைத்தான் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும். சேரும்போது தெரிந்தே பொய்ப் பதில் சொல்வது ராணுவச் சட்டத்தின் 44-ஆவது பிரிவின்படி குற்றம். ஐந்து ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். உண்மையைச் சொன்னால் சில வாரம் தாமதமாகலாம், அவ்வளவுதான்.

பகுதி நேரத்திலிருந்து முழு நேரத்துக்கு மாறுவது நம் தென்னாட்டுக்குப் புதிதும் அல்ல. 1758-இல் வேர்விட்ட மதராஸ் ரெஜிமெண்டின் முழு நேரப் படைகள், முதல் உலகப் போருக்குப் பின் சிக்கனத்தின் பேரால் கலைக்கப்பட்டன. இரண்டாம் உலகப் போரில் அந்த ரெஜிமெண்ட் மறுபடி எழுந்தபோது, அன்றைய பகுதி நேரப் படைகள் சிலவற்றை அப்படியே முழு நேரப் படைகளாக மாற்றினார்கள்.

வயதும் ஒரு விஷயம். அக்னிபத் திட்டம் வந்தபோது 17½ முதல் 21 வயது வரை என்று வரம்பு வைத்தார்கள் (அந்த முதல் ஆண்டுக்கு மட்டும் 23). சேர நினைப்பவர்கள் அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆக, முழுப் பட்டாளத்தின் கதவு சீக்கிரம் மூடிவிடும். பிராந்திய ராணுவத்தின் கதவு 42 வரை திறந்திருக்கும். இருபது வயதுப் பையன் அவசரப்படுவதில் நியாயம் இல்லாமல் இல்லை.

இவ்வளவையும் எழுதி, கடைசியில் ஒன்று சேர்த்தேன்: "அம்மா, எதில் சேரலாம் என்று நான் சொல்வதற்கில்லை. 'நாலு வருஷம் கழித்து என்ன செய்வாய்?' என்று பையனையே கேளுங்கள். அதற்கு அவன் நேராகப் பதில் சொன்னால் அனுப்புங்கள்."

ஒரு மாதம் கழித்து ஆபீஸுக்கு டெலிபோன் வந்தது.

"தம்பி, கேட்டேன். அன்னிக்கு ராத்திரி பேசாமப் படுத்துட்டான். மறுநா காலையில அடுப்புக்கிட்ட வந்து உக்கார்ந்து, 'நாலு பேருல ஒருத்தனா நிக்கப் பார்ப்பேன். முடியலேன்னா அந்தப் பணத்தோட காட்டுக்கு வந்துருவேன். அங்கிருந்தே தபால்ல பட்டப் படிப்பும் படிப்பேன்'னான். அரைப் பட்டாளத்துக்காரவுகளுக்கு வேண்டாம்னு கடுதாசி எழுதச் சொல்லி, நானே கூட நின்னு தபால்ல போட்டேன்."

"நிலத்தை என்ன செய்யப் போகிறீர்கள்? குத்தகைக்கா?" என்று கேட்டேன்.

"எதுக்குத் தம்பி? இந்த வெள்ளாமைக்கு நானும் அவுக அப்பாவும் பூண்டு ஊனுறோம். அவன் திரும்பி வர்றதுக்கு ஒரு எடம் வேணுமில்ல?"