கல்லூரிக் கதவு பெரிது. நர்சு வகுப்புக் கதவு சிறிது!

யார் போனாலும் சேர்த்துக்கொள்ளும் கல்லூரிகள் அமெரிக்காவில் இருக்கின்றன. அங்கே வயது தடை இல்லை. கல்யாணம் ஆனவர்களும் சேரலாம். பள்ளிக்கூடத்தில் மார்க்கு குறைவு என்று யாரையும் திருப்பி அனுப்புவதும் இல்லை.

இவற்றுக்குச் "சமுதாயக் கல்லூரி" என்று பெயர். 1901-ம் ஆண்டில் இல்லினாய்ஸ் மாநிலத்தில், ஜோலியட் என்ற ஊரில் இப்படி ஒரு கல்லூரி தொடங்கியது. இப்போது நாடு முழுவதும் சுமார் ஆயிரம் கல்லூரிகள் இருக்கின்றன. செலவு குறைவு. வீட்டில் இருந்தபடியே போய்ப் படித்து வரலாம்.

ஆனால், இந்தக் கல்லூரிக்குள் ஒரு வகுப்பு இருக்கிறது. அதில் எல்லோருக்கும் இடம் கிடைப்பதில்லை. அதுதான் நர்சு வகுப்பு!

"கல்லூரியில் சேர்ந்துவிட்டேன். இனி நர்சுதான்" என்று வீட்டில் சொல்லிவிட்டு வருகிறவர்கள் பலர். உள்ளே வந்த பிறகுதான், இன்னொரு கதவு இருப்பது அவர்களுக்குத் தெரிகிறது.

இரவில் வேலை, பகலில் கனவு

ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். வயது 34. குழந்தைகள் 2. முதியோர் இல்லம் ஒன்றில் நர்சுக்கு உதவியாளாக இரவு வேலை பார்க்கிறாள்.

வயதானவர்களைக் குளிப்பாட்டுகிறாள். உணவு ஊட்டுகிறாள். முதுகில் புண் வராதபடி புரட்டிப் படுக்க வைக்கிறாள். ஆனால், மருந்து கொடுக்க அவளுக்கு உரிமை இல்லை. நள்ளிரவில் ஒரு பாட்டிக்கு மூச்சு திணறினால், அவள் நர்சைத் தேடித்தான் ஓட வேண்டும்.

"நானே நர்சாக இருந்தால்?" என்று ஒருநாள் அவள் நினைக்கிறாள்.

அமெரிக்காவில் இப்படி நினைக்கும் பெண்கள் ஏராளம். ஆண்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வழி திறந்துவிட்டவர் ஓர் அம்மையார்.

வழி திறந்த அம்மையார்

முன்பெல்லாம் அமெரிக்காவில் நர்சுப் பயிற்சி பெரும்பாலும் ஆஸ்பத்திரிகளிலேயே நடந்தது. 3 ஆண்டுப் படிப்பு. மாணவிகள் அங்கேயே விடுதியில் தங்க வேண்டும். அவர்கள் படித்த நேரத்தைவிட ஊழியம் செய்த நேரம் அதிகம். கல்யாணம் ஆனவர்களைப் பல இடங்களில் சேர்ப்பதில்லை.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு நர்சுகளுக்குப் பெரும் பஞ்சம் ஏற்பட்டது. அப்போது மில்ட்ரெட் மாண்டாக் என்ற அம்மையார் ஒரு யோசனை சொன்னார். "சமுதாயக் கல்லூரியிலேயே 2 ஆண்டில் நர்சுகளை உருவாக்க முடியும்" என்பதே அந்த யோசனை. 1951-ம் ஆண்டில் இதுபற்றி ஒரு புத்தகமும் எழுதினார்.

மறு ஆண்டே சோதனை தொடங்கியது. 7 கல்லூரிகளும் ஓர் ஆஸ்பத்திரியும் அதில் பங்கு கொண்டன. சோதனை வெற்றி! குழந்தை பெற்றவர்களும், வயது கூடியவர்களும், ஆண்களும் நர்சு வகுப்புக்கு வந்தார்கள்.

இந்தப் படிப்பை முடித்தவர்களும் 4 ஆண்டுப் பட்டம் பெற்றவர்களும் ஒரே உரிமப் பரீட்சைதான் எழுதுகிறார்கள். கிடைக்கும் உரிமமும் ஒன்றே. அதனால்தான் இவ்வளவு கூட்டம்!

ஏன் இடம் இல்லை?

நர்சுகள் போதவில்லை என்கிறார்கள். படிக்க வருகிறவர்களுக்கோ இடம் இல்லை என்கிறார்கள். இது என்ன வேடிக்கை?

நர்சுத் தொழிலைக் கரும்பலகையில் எழுதிப் போட்டுக் கற்றுக் கொடுக்க முடியாது. மாணவி நோயாளியின் படுக்கை அருகே நிற்க வேண்டும். பக்கத்தில் ஆசிரியையும் நிற்க வேண்டும். ஓர் ஆசிரியை ஏறத்தாழ 10 பேரைத்தான் பார்த்துக்கொள்ள முடியும். அதற்கு மேல் போனால் நோயாளிக்கு ஆபத்து.

அந்த ஆசிரியைகளும் எளிதில் கிடைப்பதில்லை. கல்லூரியில் கற்பிப்பதைவிட ஆஸ்பத்திரியில் வேலை செய்தால் பலருக்கு அதிகச் சம்பளம் கிடைக்கிறது. பயிற்சிக்கு இடம் கொடுக்கும் ஆஸ்பத்திரிகளும் குறைவு. ஆகவே, தகுதி உள்ளவர்களும் திரும்பிப் போக நேரிடுகிறது.

மனுவுக்கு முன்பே தொடங்கும் போட்டி

நர்சு வகுப்புக்கு மனு போடும் முன் சில பாடங்களை முடித்திருக்க வேண்டும். உடலின் அமைப்பு, உடல் வேலை செய்யும் விதம், நோய்க் கிருமிகள், ஆங்கிலம், மனித மனம் பற்றிய பாடம் ஆகியவை பெரும்பாலும் கேட்கப்படும். இவற்றுக்கே ஓராண்டோ, அதற்கு மேலோ ஆகும். "2 ஆண்டுப் படிப்பு" என்பது பலருக்கு 3, 4 ஆண்டுகளாக நீள்வது இதனால்தான்.

போட்டி இங்கேதான் இருக்கிறது. இந்தப் பாடங்களில் வாங்கும் மார்க்குதான் பிறகு பேசும். வெறும் தேர்ச்சி போதாது. பல கல்லூரிகளில் தோற்ற பாடத்தை எத்தனை தடவை வேண்டுமானாலும் திரும்ப எழுத முடியாது. விஞ்ஞானப் பாடங்களுக்குக் காலக்கெடுவும் உண்டு. 5 ஆண்டு, 7 ஆண்டு என்று கெடு வைத்திருக்கும் கல்லூரிகள் இருக்கின்றன. கெடு தாண்டினால் மறுபடி படிக்க வேண்டும்!

ஆகவே, இரவு வேலை பார்க்கும் நம் பெண் 2 கடினமான விஞ்ஞானப் பாடங்களை ஒரே சமயத்தில் எடுத்தால் சிக்கல்தான். ஒன்றை நன்றாக முடித்துவிட்டு மற்றதற்குப் போவதே புத்திசாலித்தனம்.

குலுக்கலா? வரிசையா? மார்க்கா?

தேர்ந்தெடுக்கும் முறை கல்லூரிக்குக் கல்லூரி மாறுகிறது.

சில இடங்களில் காத்திருப்போர் வரிசை. முதலில் வந்தவருக்கு முதல் இடம். சில இடங்களில் குலுக்கல். தகுதி உள்ளவர்களின் பெயர்களில் இருந்து அதிர்ஷ்டம் உள்ளவரை எடுக்கிறார்கள். வேறு சில இடங்களில் எல்லாவற்றுக்கும் புள்ளி போட்டு, அதிகப் புள்ளி பெற்றவரைச் சேர்க்கிறார்கள்.

கலிபோர்னியா மாநிலத்தில் இந்தப் புள்ளி முறைக்கு 2007-ம் ஆண்டில் சட்டம் வந்தது. மார்க்கை மட்டும் அந்தச் சட்டம் பார்க்கச் சொல்லவில்லை. நோயாளிகளைக் கவனித்த அனுபவத்தையும், ஏழ்மையில் வேலை செய்துகொண்டே படித்த கஷ்டத்தையும் பார்க்கச் சொன்னது. ஆங்கிலம் தவிர இன்னொரு மொழி தெரிந்தாலும் சிறப்பு என்றது. அந்த மொழிகளில் இந்தியத் துணைக் கண்டத்து மொழிகளும் சேர்த்தி. தமிழ் தெரிந்தவர்களுக்கும் அதில் இடம் உண்டு!

பல கல்லூரிகள் "டீஸ்" என்ற நுழைவுப் பரீட்சையும் வைக்கின்றன. 170 கேள்விகள். நேரம் 209 நிமிடம். வாசிப்பு, கணக்கு, விஞ்ஞானம், ஆங்கிலம் என்று 4 பகுதிகள். கணக்குக்குப் பயந்தவர்கள் இங்கே தப்ப முடியாது. மருந்தின் அளவைக் கணக்குப் போட்டுத்தானே கொடுக்க வேண்டும்?

எனவே, முதல் வேலை என்ன? நர்சு வகுப்பு அலுவலகத்துக்கே நேராகப் போய்க் கேட்பது. "எந்த முறையில் சேர்க்கிறீர்கள்? எதற்கு எத்தனை புள்ளி?" என்று எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரே கல்லூரியை நம்பி இருக்காமல், அக்கம்பக்கத்துக் கல்லூரிகளுக்கும் மனு போட வேண்டும். ஓராண்டில் முடியும் உதவி நர்சுப் படிப்பை முதலில் படித்து, வேலை பார்த்துக்கொண்டே மேலே போகவும் வழி உண்டு.

குறுக்கு வழி வேண்டாம்!

காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களைச் சிலர் வலை போட்டுப் பிடிக்கிறார்கள்.

2023-ம் ஆண்டு ஜனவரியில் ஒரு பெரிய மோசடி வெளிவந்தது. புளோரிடா மாநிலத்தில் 7,600-க்கும் அதிகமான போலி நர்சுச் சான்றிதழ்கள் விற்கப்பட்டிருந்தன! ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து வாங்கியவர்கள் உண்டு. பயிற்சியை முடிக்காதவர்கள் கையில் சான்றிதழ்! அதை வைத்து உரிமம் பெற்றவர்களில் பலர் பிறகு அந்த உரிமத்தையும் இழந்தார்கள்.

ஒரு கல்லூரியில் பணம் கட்டும் முன், மாநில நர்சு வாரியம் அதை அங்கீகரித்திருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். அங்கீகாரம் இல்லாவிட்டால் உரிமப் பரீட்சை எழுத முடியாமல் போகும்.

இடம் கிடைத்த பிறகு

இடம் கிடைத்தால் கஷ்டம் தீர்ந்ததா? இல்லை. தடுப்பு ஊசி, உடல் பரிசோதனை, போலீஸ் விசாரணை எல்லாம் உண்டு. பயிற்சி நாளில் விடியும் முன்பே புறப்பட வேண்டியிருக்கும். குழந்தைகளை யார் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது? இதை வீட்டில் உட்கார்ந்து முன்கூட்டியே பேசிவிட வேண்டும். கணவரோ, தாயாரோ, அக்காளோ கை கொடுக்காமல் இந்தப் படிப்பை முடிப்பது மிகவும் கடினம்.

கடைசியில் உரிமப் பரீட்சை. அது கம்ப்யூட்டரில் நடக்கிறது. குறைந்தது 85 கேள்விகள். அதிகம் போனால் 150. சரியாகச் சொன்னால் அடுத்த கேள்வி கடினமாகும். தவறினால் எளிதாகும். இவரை நம்பி நோயாளியை விடலாமா, கூடாதா என்று முடிவு தெரியும் வரை கேள்விகள் வந்துகொண்டே இருக்கும்.

கடிதம் வந்தது!

நம் பெண்ணுக்கு முதல் ஆண்டு, "இடம் இல்லை" என்று கடிதம் வரலாம். அவள் அழலாம். ஆனால், அந்தக் கடிதம் "நீ தகுதி இல்லாதவள்" என்று சொல்லவில்லை. "எங்களிடம் ஆசிரியை போதவில்லை, படுக்கை போதவில்லை" என்றுதான் சொல்கிறது. இந்த வித்தியாசம் தெரியாமல் படிப்பையே விட்டவர்கள் உண்டு. தெரிந்தவர்கள் மறு ஆண்டும் மனு போடுகிறார்கள்.

அன்று இரவும் அவள் வேலைக்குப் போவாள். அதே பாட்டியைப் புரட்டிப் படுக்க வைப்பாள். போர்வையை இழுத்து மூடுவாள். பிறகு, சாப்பாட்டு வேளையில் பையைத் திறந்து பாடப் புத்தகத்தை எடுப்பாள்.

அந்தப் புத்தகத்தை மூடாத வரைக்கும், அவளுக்குக் கதவு மூடவில்லை!