பெயர் ஒன்று, ஹெட்போன் இரண்டு!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் ஆறு மாதம் கழித்து என்ன வாங்குவார்கள்? பெரும்பாலும் நல்ல ஒரு ஹெட்போன். கம்ப்யூட்டருடன் வந்த சிறிய ஸ்பீக்கரில் பாட்டு கேட்டு அலுத்துப் போயிருக்கும். இன்டர்நெட்டில் தேடினால் ‘பிளானர் மேக்னடிக்’ என்ற பெயர் கண்ணில் படும். விலை ஆயிரங்களில் தொடங்கி லட்சங்களுக்குப் போகும். அவ்வளவு பணம் கொடுத்து வாங்கும் பொருளில் குறை இருக்காது என்று நினைப்போம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நான் ஆலங்குளத்தில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் சாப்ட்வேர் இன்ஜினியர். நாள் முழுவதும் காதில் ஹெட்போன்தான். ஒரு வருடம் சேமித்து ஒரு பிளானர் ஹெட்போன் ஆர்டர் செய்தேன். திருநெல்வேலி வழியாகக் கூரியரில் வந்து சேர்ந்தது. விலையைக் கேட்ட அம்மா, “காதுல மாட்டுறதுக்கா இவ்வளவு ரூவா? இதுக்கு ஒரு கம்மலே வாங்கிருக்கலாமே” என்றார். பதில் சொல்லாமல் மாட்டிக்கொண்டேன். பாடகரின் குரல் சரியாக நடுவில் கேட்டது. ஆனால் புல்லாங்குழல் மேல் ஸ்தாயிக்குப் போகும்போதெல்லாம் அது இடது காதுப் பக்கம் நழுவியது. கீழே இறங்கினால் மீண்டும் நடுவுக்கு வந்தது. என் காதில் கோளாறா, கம்ப்யூட்டரில் கோளாறா, ஹெட்போனில் கோளாறா? அதைக் கண்டுபிடித்த கதையும் அதில் நான் கற்றுக்கொண்டவையும்தான் இந்தக் கட்டுரை.

பிளானர் என்றால் என்ன?

சாதாரண ஹெட்போனைத் திறந்தால் உள்ளே ஒரு குட்டி ஸ்பீக்கர் இருக்கும். கூம்பு போன்ற ஒரு சவ்வு, அதன் நடுவில் ஒட்டிய கம்பிச் சுருள், பின்னால் ஒரு காந்தம். சுருளில் மின்சாரம் பாயும்போது அது முன்னும் பின்னும் அசைந்து சவ்வைத் தள்ளுகிறது. இதை டைனமிக் டிரைவர் என்பார்கள்.

பிளானரில் கூம்பும் இல்லை, சுருளும் இல்லை. மிக மெல்லிய ஒரு பிளாஸ்டிக் பிலிம். அதன் பரப்பு முழுவதும் கோலம் போட்டதுபோல் உலோகக் கோடுகள் வளைந்து வளைந்து ஓடும். அந்த பிலிமைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, எதிரே வரிசையாகக் காந்தங்களை வைப்பார்கள். சில மாடல்களில் இருபுறமும் காந்தம், சிலவற்றில் ஒருபுறம் மட்டும். கோடுகளில் மின்சாரம் பாயும்போது பிலிம் முழுவதும் ஒரே நேரத்தில் அசைகிறது. ஒரு இடத்தில் தள்ளி மற்ற இடங்களை இழுத்துக்கொண்டு போகும் வேலை இல்லை. ஒலி தெளிவாக இருப்பதாக ரசிகர்கள் சொல்வதற்கு இதுவே முக்கிய காரணம்.

இது புதுக் கண்டுபிடிப்பு அல்ல. யமஹா நிறுவனம் 1976-லேயே எச்பி-1 என்ற பெயரில் இந்த வகை ஹெட்போனை விற்றது. இடையில் கொஞ்சம் மறக்கப்பட்டு, 2008-க்குப் பிறகு மீண்டும் எழுந்தது. அதற்கு இரண்டு கம்பெனிகள் முக்கிய காரணம். ஒன்று, ஃபாங் பியான் தொடங்கிய ஹைஃபைமேன். மற்றொன்று, 2008-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தொடங்கிய ஆடிஸி. ஆடிஸியைத் தொடங்கியவர்களில் ஒருவர் பெயர் சங்கர் தியாகசமுத்திரம். பெயரைப் படித்ததும் நம் பக்கத்து ஊர்க்காரர் போலத் தோன்றுகிறது அல்லவா? அந்தக் கம்பெனியை வாங்குவதாக சோனியின் பிளேஸ்டேஷன் பிரிவு 2023 ஆகஸ்டில் அறிவித்தது.

குறை எங்கிருந்து வருகிறது?

நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். பிளானர் பிலிம் அதைவிடப் பல மடங்கு மெல்லியது. அதை இழுத்துக் கட்டுவது மிருதங்கத்துக்குத் தோல் கட்டுவது போன்ற வேலை. இழுவை கொஞ்சம் மாறினால் சுருதி மாறிவிடும். மிருதங்கத்திலாவது வலந்தலையும் தொப்பியும் வேறு வேறு சத்தம் தர வேண்டும். இங்கே இடது, வலது இரண்டும் ஒரே மாதிரி ஒலிக்க வேண்டும்.

பிலிமின் இழுவை, காந்தத்தின் பலம், காந்தத்துக்கும் பிலிமுக்கும் உள்ள இடைவெளி, கோடுகளின் தடிமன், காது மெத்தையின் பொருத்தம் என எதில் சிறு வித்தியாசம் இருந்தாலும் ஒரு பக்கம் ஒரு மாதிரி, மறுபக்கம் வேறு மாதிரி கேட்கும். ஆகவே பல டிரைவர்களை அளந்து, ஒத்துப்போகும் இரண்டைத் தேர்ந்தெடுத்து ஜோடி சேர்க்க வேண்டும். விலையில் ஒரு பகுதி இந்த வேலைக்கானது. ஆடிஸி தன் எல்சிடி-2 ஹெட்போனின் ஆரம்ப காலத்தில் ஒவ்வொரு பீஸுக்கும் தனியாக அளந்து எடுத்த கிராஃபை அதனுடனேயே கொடுத்தது. (எல்சிடி என்றதும் மானிட்டர் என்று நினைத்துவிடாதீர்கள். அது மாடலின் பெயர்!) ஜாதகம் போல ஒவ்வொன்றுக்கும் ஒரு கிராஃப் கொடுக்கிறார்கள் என்றால், ஒன்று போல் மற்றொன்று இருக்காது என்பது தயாரிப்பவர்களுக்கே தெரியும் என்றுதானே பொருள்?

பெயர் மாறாது, உள்ளே மாறும்

சாப்ட்வேரில் ஒரு சின்னத் திருத்தம் செய்தாலும் வெர்ஷன் நம்பரை மாற்றுவோம். 2.0 என்பது 2.1 ஆகும். ஹெட்போனில் பெரும்பாலும் அப்படி இல்லை. சில உதாரணங்கள் பார்க்கலாம்.

எல்சிடி-2: காந்தங்களைத் தாண்டி வரும் ஒலி அலைகள் சிதறாமல் இருக்க, ‘ஃபேசர்’ என்ற சிறு வழிகாட்டிப் பட்டைகளை ஆடிஸி 2013-14 வாக்கில் சேர்த்தது. ஒலியின் குணம் மாறியது. பெயர் மட்டும் எல்சிடி-2 தான். பழைய ஒலியையே விரும்பியவர்கள் நிறைய பேர் இருந்தார்கள். கடைசியில் 2017-ல் ஃபேசர் இல்லாத ஒன்றை ‘எல்சிடி-2 கிளாசிக்’ என்ற பெயரில் கம்பெனியே கொண்டுவந்தது.

எல்சிடி-எக்ஸ்: 2021-ல் இதன் ஒலியைத் திருத்தி அமைத்தார்கள். பெயர் மாறவில்லை. 2014-ல் எழுதிய விமர்சனத்தைப் படித்துவிட்டு இப்போது வாங்கினால், படித்தது ஒன்று, கிடைப்பது ஒன்று.

எச்இ-5: ஹைஃபைமேனின் ஆரம்பகால மாடல். இதன் மரக் கூடுகளில் விரிசல் விழுவதாகப் புகார் வந்தது. அடுத்து வந்த எச்இ-5எல்இ பிளாஸ்டிக் கூட்டுக்கு மாறியது. இங்கே பெயரையும் மாற்றினார்கள் என்பதைக் கவனியுங்கள். அதுதான் நேர்மையான வழி.

எச்இ-400ஐ: 2014-ல் வந்தபோது கேபிளைத் திருகி மாட்ட வேண்டும். பிறகு 2.5 மி.மீ. ஜாக், 2020 பதிப்பில் 3.5 மி.மீ. ஜாக். பழைய கேபிள் புதியதில் பொருந்தாது.

ஆரியா: 2018-ல் வந்த மாடல். 2021-ல் ஒலி தடையில்லாமல் கடந்து போகும்படி வடிவம் மாற்றிய ‘ஸ்டெல்த்’ காந்தங்களுடன் வந்தது.

மாற்றம் எல்லாம் கெட்டது என்று சொல்லவில்லை. பல மாற்றங்கள் குறையைத் திருத்தச் செய்தவை. ஆனால் எந்தப் பதிப்பு நம் கைக்கு வருகிறது என்று தெரிந்து வாங்க நமக்கு உரிமை உண்டு. வாங்கும் முன் கடைக்காரரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். இது எந்த ஆண்டுப் பதிப்பு? இந்தியாவில் வாரண்டி உண்டா? காது மெத்தையும் கேபிளும் தனியாகக் கிடைக்குமா? பதிலை மெயிலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஓப்போ டிஜிட்டல் நிறுவனம் 2014-ல் அருமையான பிளானர் ஹெட்போன்களைக் கொண்டுவந்தது. 2018-ல் புதிய தயாரிப்புகளை நிறுத்திவிட்டது. மூன்றாவது கேள்வி ஏன் முக்கியம் என்று இப்போது புரியும்.

உங்கள் கம்ப்யூட்டர் இதை ஓட்டுமா?

ஒலி குறைவாக இருந்தால் அது தயாரிப்புக் குறை என்று அவசரப்பட வேண்டாம். ஹைஃபைமேன் எச்இ-6 என்ற மாடலுக்கு 1 மில்லி வாட் கொடுத்தால் 83.5 டெசிபல் ஒலிதான் வரும். ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் 10 மடங்கு பவர் வேண்டும். 103.5 டெசிபலுக்கு 100 மில்லி வாட், 113.5 டெசிபலுக்கு முழு 1 வாட். லேப்டாப் ஜாக் இதற்குத் தாங்காது. தனி ஆம்ப்ளிஃபையர் வேண்டும். எனவே பெட்டியில் ‘சென்சிட்டிவிட்டி’ என்ற எண்ணைப் பாருங்கள். எண் கூடுதலாக இருந்தால் கம்ப்யூட்டருக்கு எளிது.

வீட்டிலேயே சோதிப்பது எப்படி?

இதற்கு ஆடாசிட்டி என்ற இலவச சாப்ட்வேர் போதும்.

1. முதலில் கண்ட்ரோல் பேனலில் சவுண்ட் பகுதியைத் திறந்து, உங்கள் ஹெட்போனின் பிராப்பர்ட்டீஸில் லெவல்ஸ் டேபுக்குச் செல்லுங்கள். பேலன்ஸ் பட்டனை கிளிக் செய்து, இடது வலது எண்கள் சமமாக உள்ளனவா என்று பாருங்கள். பல ‘கோளாறுகள்’ இங்கேயே தீர்ந்துவிடும்.

2. ஆடாசிட்டியில் ஜெனரேட் மெனுவில் சிர்ப் என்பதை கிளிக் செய்யுங்கள். தொடக்கம் 20 ஹெர்ட்ஸ், முடிவு 20000 ஹெர்ட்ஸ், ஆம்ப்ளிட்யூட் இரண்டு இடத்திலும் 0.1, நேரம் 30 விநாடி, இன்டர்போலேஷன் லாகரிதமிக் என்று கொடுங்கள். வால்யூமை நன்றாகக் குறைத்து வைத்துவிட்டு பிளே செய்யுங்கள்.

3. ஒலி கீழிருந்து மேலே ஏறும். அது தலையின் நடுவிலேயே இருக்க வேண்டும். ஒரு பக்கம் நழுவினால் எந்த இடத்தில் என்று குறித்துக்கொள்ளுங்கள். கரகரப்போ அதிர்வுச் சத்தமோ கேட்டால் அதையும் குறியுங்கள். அடி ஒலி மட்டும் குறைந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். அதன் கம்பி காது மெத்தையில் இடைவெளி உண்டாக்கியிருக்கலாம்.

4. அதே கம்ப்யூட்டரில் வேறொரு சாதாரண இயர்போனை மாட்டிக் கேளுங்கள். அதில் நழுவவில்லை என்றால் கம்ப்யூட்டர் நிரபராதி.

5. ஹெட்போனை இடம் வலம் மாற்றி அணியுங்கள். நழுவல் மறு காதுக்குப் போனால் உங்கள் காது நிரபராதி. அதே காதில் நின்றால் கோளாறு காதில்தான்.

6. கேபிள் கழற்றக்கூடியதாக இருந்தால் அதன் இரு முனைகளையும் கூடுகளில் மாற்றிச் செருகுங்கள். நழுவல் மறு கூட்டுக்குப் போனால் கேபிளில் கோளாறு. அதே கூட்டில் நின்றால் டிரைவரில் கோளாறு.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவதுதான் ரகசியம். நாங்கள் புரோகிராமில் பிழை தேடுவதும் இதே வழியில்தான்.

என் ஹெட்போனில் சந்தேகமே இல்லாமல் டிரைவர்தான் குற்றவாளி. ஆறு படிகளையும் எழுதி, வீடியோவும் எடுத்து அனுப்பினேன். விற்றவர்களால் மறுக்க முடியவில்லை. இரண்டு வாரத்தில் வேறு பீஸ் வந்தது. பிரித்துப் பார்த்தால் காது மெத்தை வேறு, கேபிள் துளை வேறு, ஒலியும் கொஞ்சம் வேறு! பெட்டியில் பெயர் மட்டும் அதேதான். மாடல் மாற்றங்களைப் பற்றி நான் தேடிப் படிக்கத் தொடங்கியது அன்றுதான்.

கூரியர் பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் சோதனையை முடித்துவிடுங்கள். நியாயமான புகாரை யாரும் கேட்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.

பாதுகாக்க சில வழிகள்

காதில் மாட்டும்போது டப்பென்று அழுத்தாதீர்கள். உள்ளே அடைபடும் காற்று பிலிமைத் தள்ளும். ஸ்டேப்ளர் பின், இரும்புத்தூள் உள்ள மேஜையில் வைக்காதீர்கள். காந்தம் அவற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். குற்றாலச் சாரல் காலத்தில் நம் பகுதியில் ஈரம் அதிகம். மூடிய பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வையுங்கள்.

போன ஆடி மாதம் மீண்டும் ஒலி இடது பக்கம் நழுவியது. கோபத்தோடு புகார் மெயில் டைப் செய்ய உட்கார்ந்துவிட்டேன். அனுப்பும் முன் ஐந்தாவது படியை மட்டும் செய்து பார்த்தேன். இடம் வலம் மாற்றி அணிந்தும் நழுவல் அதே காதில் நின்றது. முந்தின நாள் ஐந்தருவியில் ஆசை தீரக் குளித்ததில் பிடித்த ஜலதோஷம், வலது காதை அடைத்திருந்தது. மெயிலை டெலீட் செய்துவிட்டு, அம்மா வைத்த சுக்குக் காப்பியைக் குடித்தேன்.